கோமதி மாற்றி எழுதிய கேள்விகள்

போன செவ்வாய்க்கிழமை காலை சிவகிரிப் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். ஊரடங்குக் காலத்தில் ஊர்மக்களுக்கு உதவ நாம் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில், கோமதியின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. இப்போது அந்தக் குழுவில் யாரும் எதுவும் போடுவதில்லை. உடம்பு தேறி அவரே எழுதுகிறார் என்று சந்தோஷமாகத் திறந்தேன். எழுதியிருந்தது அவருடைய மகள். "அம்மா இன்னைக்குக் காலைல தவறிட்டாங்க." அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிரே வந்த வண்டியைப் பிடித்துச் சங்கரன்கோவிலுக்குத் திரும்பினேன்.

கோமதி என்று கூப்பிட்டால் எங்கள் கடைத்தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இவர் தையல்கடை கோமதி. கொரோனா வந்து கடையை அடைத்ததும், தொலைபேசியில் ஆறுதல் சொல்லும் நம் வேலைக்குத் தானாக வந்து சேர்ந்தார். இதற்கெல்லாம் பழக்கம் உண்டா என்று கேட்டேன். "அளவெடுக்கும்போது பொம்பளைங்க மனசுல உள்ளதெல்லாம் சொல்லுவாக அண்ணாச்சி. நான் டேப்பைப் பாத்துக்கிட்டே கேட்டுக்கிடுவேன்" என்றார்.

நான் ஓய்வு பெற்ற கணினி ஆசிரியன். நமக்கு வழிகாட்டிய மனநல மருத்துவர் ஏழு கேள்விகள் கொடுத்தார். அவற்றை வைத்து ஒரு செயலி செய்தேன். மக்கள் தினமும் ஆம், இல்லை என்று அமுக்குவார்கள். நன்றாக இருப்பவர் பெயர் பச்சையிலும், தவிப்பவர் பெயர் சிவப்பிலும் வரும். முதல் வாரம் முழுவதும் ஒரே பச்சை. எனக்குப் பெருமையாக இருந்தது.

"ஊரே வேலை இல்லாம வீட்டுக்குள்ள கெடக்கு. எல்லாரும் நல்லா இருக்கேன்னு சொல்லுதாகன்னா, நம்ம கேள்வியிலதான் கோளாறு" என்றார் கோமதி.

"டாக்டர் கொடுத்த கேள்விம்மா" என்றேன், கோபத்தோடு.

"டாக்டர் குடுத்தது சரிதான். ஆனா மனச்சோர்வு இருக்கான்னு நம்ம ஊர்ல யாரு கேக்கா? எங்க அம்மா செத்தப்போ, 'ஏட்டி, சோறு இறங்குதா'ன்னுதான் என்கிட்ட கேட்டாக."

அன்று சாயங்காலமே அளவு நோட்டின் பின்பக்கத்தில் ஏழு கேள்விகளையும் மாற்றி எழுதிவிட்டார். சோறு இறங்குதா, கண்ண மூடுனா தூக்கம் வருதா, பிள்ளைக மேல சும்மா சும்மா எரிஞ்சு விழுதீகளா என்று. மருத்துவர் ஒன்றை மட்டும் திருத்தி மற்றதை அப்படியே ஏற்றுக்கொண்டார். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கோமதியே பேசிப் பதிவும் செய்தார். மறுவாரம் திரையில் பாதிப் பெயர்களுக்கு மேல் சிவப்பில் வந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது.

மேலநீலிதநல்லூர் முருகையாவை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். விசைத்தறித் தொழிலாளி. மனைவி கொரோனாவில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. புதுக் கேள்விகளுக்கும் அவர் பெயர் தினமும் பச்சையில்தான் வந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் எத்தனை விநாடி ஆகிறது என்று செயலி குறித்து வைக்கும். அதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கோமதி பார்த்தார். "நான் கேட்டு முடிக்கதுக்குள்ள அமுக்குதாரு அண்ணாச்சி. இவரு கேள்வியைக் கேக்கவே இல்ல."

உடனே என் முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டு அவரைக் கூப்பிட்டார். இரண்டு தடவை முருகையா துண்டித்தார். மூன்றாவது தடவை எடுத்ததும் கோமதி கேட்டது இதுதான்: "உங்க வீட்டம்மாவுக்கு என்ன கலர் பிடிக்கும்ணே?" அந்தப் பக்கம் அழுகை கேட்டது. அழுது ஓயும்வரை காத்திருந்துவிட்டு, "செத்துரலாம்னு நினைப்பு வருதாண்ணே?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படி நேராகக் கேட்கலாம், கேட்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லித்தந்தது கோமதிக்கு நினைவிருந்தது. எனக்கு இல்லை.

"வருதும்மா" என்றார் அவர்.

கோமதி இணைப்பை விடவில்லை. நான் இன்னொரு போனில் மருத்துவரையும், பக்கத்து ஊரான திருவேங்கடத்தில் இருந்த முருகையாவின் தம்பியையும் பிடித்தேன். தம்பி போய்க் கதவைத் தட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை கோமதி முருகையாவை அவர் மனைவியைப் பற்றியே பேச வைத்துக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் பூட்டியிருந்த தன் கடையைத் திறந்து, தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தார். துணியே வைக்காமல் கொஞ்ச நேரம் மிதித்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் கோமதியின் துட்டி வீட்டுக்குத் துக்கம் கேட்க முருகையாவும் வந்திருந்தார். "குரலு மட்டுந்தான் தெரியும் எனக்கு. இன்னைக்குத்தான் முகத்தைப் பாக்கேன்" என்றார். வெகுநேரம் அங்கேயே நின்றார்.

தானாகவே பதில் பேசும் செயலிகள் கொரோனா ஓய்ந்த பிறகு வந்தன. கோமதி பழிப்பார் என்று நினைத்துக் காட்டினேன். பழிக்கவில்லை. "நம்ம தூங்குத நேரத்துல இது தூங்காதுல்லா, நல்லதுதான். ஆனா கடைசியில ஒரு ஆளோட நம்பர் இருக்கணும். அந்த ஆளு போனை எடுக்கணும்."

அதற்கு முன்பு, கொரோனாவின் இரண்டாவது அலையில் என் தம்பி இறந்துபோனான். ஊருக்கெல்லாம் செயலி செய்து கொடுத்த நான், என் போனை அணைத்துப் பரணில் போட்டேன். நாலு நாள் கழித்து எடுத்துப் பார்த்தபோது கோமதியின் குரல்செய்திகள் காத்திருந்தன, காலைக்கு ஒன்றாக. விசாரிப்பு இல்லை, ஆறுதல் இல்லை. "இன்னைக்குப் பூ மார்க்கெட்டைத் திறந்துட்டாக அண்ணாச்சி. பிச்சிப்பூ வரத்து கம்மிதான். பதில் போடாண்டாம். கேட்டீகன்னு நீலக்குறி விழுந்தா எனக்குப் போதும்." ஒரு மாதத்துக்கு மேல் அப்படி அனுப்பினார். ஒருநாள் நான் 'சாப்பிட்டேன்' என்று ஒரு வார்த்தை எழுதினேன். மறுநாளும் அவர் அதைப் பெரிதுபடுத்தாமல் பருத்தி எடுப்பைப் பற்றித்தான் பேசினார்.

அந்தக் குரல்செய்திகளையெல்லாம் அழிந்துபோகாதபடி தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் அவரிடமிருந்து நான் உண்மையில் வைத்துக்கொண்டிருப்பது வேறு: துக்கத்தில் இருப்பவரிடம் பதிலை எதிர்பார்க்காமல் பேசுவது. கோமதியின் கணவர் இப்போது யாரோடும் பேசுவதில்லை. தினமும் காலையில் அவருக்கு ஒரு குரல்செய்தி அனுப்புகிறேன். இன்று, மேற்கே மேகம் கட்டியிருக்கிறது, கரிசல் பக்கம் மழை பெய்யலாம் என்று சொன்னேன். பதில் இல்லை. பதினோரு மணிக்கு நீலக்குறி விழுந்தது.