ஓடிப்போகாத நாய்

1988-ஆம் ஆண்டு, ஐப்பசி மழை தொடங்குவதற்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு இருபது. இடம், தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் நாங்கள் புதிதாகக் கட்டிய வீட்டின் பின்பக்க வேலி. கல்லூரி நாளிலிருந்து தினமும் டயரி எழுதும் பழக்கம் உள்ளவன் என்பதால் நேரம்கூட மறக்கவில்லை. ஆனால் அந்த வாரத்தில் நடந்த ஒன்றை மட்டும் டயரியில் எழுதாமல் விட்டுவிட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. பாரிமுனையில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. எங்கள் மனைப்பிரிவில் மொத்தம் பதினோரு வீடுகள். தெருவிளக்கு இரண்டு, அதில் எரிவது ஒன்று. ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி போகும் இரைச்சலும், மின்சார ரயில் தாம்பரத்துக்குள் நுழையும்போது அடிக்கும் ஹார்னும் வீட்டுக்குள் நன்றாகக் கேட்கும். ஆறு நாற்பது வண்டியின் ஹார்ன் கேட்டால்தான் என் மனைவி காபிக்குப் பால் வைப்பார். பின்பக்கம் வெறும் வயல், அதற்கப்பால் ஏரி. மழைக்காலத்தில் தவளைச் சத்தத்தில் ரேடியோ செய்தி கேட்காது. இன்றைக்கு அந்த வயலில் நான்கு மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. தவளைகள் எங்கே போயினவோ தெரியவில்லை.

வீடு கட்டிக்கொண்டிருந்தபோது, சிமெண்ட் மூட்டைகள் அடுக்கிய கொட்டகையில் ஒரு தெருநாய் குட்டி போட்டது. தாயும் மற்ற குட்டிகளும் போய்விட, சாம்பல் நிறத்தில் ஒன்று மட்டும் தங்கிவிட்டது. கொத்தனார் அதை 'சிமெண்ட்' என்று கூப்பிட்டார், அதுவே பெயராகிவிட்டது. யார் வீட்டுக்கும் போகாது. யாரையும் கடித்ததும் இல்லை. நான் சைக்கிளில் ரயில் நிலையத்துக்குக் கிளம்பினால் முக்கு வரை கூடவே ஓடிவந்துவிட்டுத் திரும்பும். வீட்டுப் பத்திரம், பிளான், வரி ரசீது எல்லாவற்றையும் நகலெடுத்துப் பைண்டு செய்து வைத்திருந்த நான், அந்த நாய்க்கு மாட்டாஸ்பத்திரியில் ஒரு தடுப்பூசி போட வேண்டும் என்று மட்டும் நினைத்ததேயில்லை.

பின்பக்க வயல்காரருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் மனைப்பிரிவு முழுவதும் ஒருகாலத்தில் அவர் குடும்பத்து நிலம்தான். விற்றது போக மிஞ்சியதில் எருமைகள் வைத்திருந்தார். அவற்றை ஏரிக்கு ஓட்டிப் போகும் வழி, என் மனையின் ஓரமாகப் போனது. அந்த வழியை அப்படியே விட்டுவைப்பதாக மனை போட்டு விற்றவர் அவரிடம் வாயால் சொல்லியிருக்கிறார். பத்திரத்தில் அப்படி ஒன்றும் இல்லை. நான் பிளானில் உள்ள அளவுப்படி கல் ஊன்றி முள்கம்பி கட்டினேன்.

அந்த ஞாயிறு காலை அவர் கடப்பாரையோடு வந்து வேலிக் கல்லைப் பெயர்க்க ஆரம்பித்தார். நான் பிளானை எடுத்துக்கொண்டு ஓடினேன். "இந்தக் காயிதத்த எருமைக்குப் படிச்சுக் காட்டு சார், அது சுத்திகினு போவும்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடப்பாரையைப் பிடித்து இழுத்தேன். அவர் பிடுங்கி ஓங்கினார். இடது தோளில் அடி விழுந்தது. நான் கீழே விழுந்தேன். அவர் மறுபடி ஓங்கியபோது, வாசல் பக்கம் படுத்திருந்த சிமெண்ட் எப்படி வந்தது என்று தெரியவில்லை, அவருடைய வலது முன்கையைக் கவ்விக்கொண்டது. கடப்பாரை கீழே விழுந்த பிறகுதான் விட்டது. அவர் ரத்தம் சொட்ட வயலைத் தாண்டிப் போனார். என் மனைவி சிமெண்டைக் கட்டிக்கொண்டு அழுதார். அன்று அதற்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் முழுவதும் கிடைத்தது.

மறுநாள் மாலை ஆறு ஐந்துக்கு ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்து இறங்கினார். நான் நாயை ஏவிவிட்டுக் கடிக்க வைத்தேன் என்று புகார் வந்திருக்கிறதாம். காலையில் நாயோடு ஸ்டேஷனுக்கு வர வேண்டுமாம். நாயின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டவர், "சிமெண்ட்டா? அதான் புடி அவ்ளோ இறுக்கமா இருந்துதா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது வீட்டில் கோர்ட்டு குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். அவரிடம் ஓடினேன். அவர் நிதானமாக மூக்குப்பொடி போட்டுக்கொண்டு சொன்னார்: "நாய் தானா பாஞ்சு உங்களைக் காப்பாத்தினா அது ஒரு கணக்கு. கட்டாம விட்டு, அது போறவங்களைக் கடிச்சா அஜாக்கிரதை, அது வேற கணக்கு. ஆனா நீங்க ஏவிவிட்டதா நிரூபணம் ஆச்சுன்னா, ஆயுதத்தால காயப்படுத்தினதுக்குச் சமம் சார். மூணு வருஷம் வரைக்கும் போடலாம். கவர்ன்மெண்ட் வேலை வேற உங்களுக்கு."

என்ன செய்யலாம் என்று கேட்டேன். "நாயே இல்லைன்னா எதை வெச்சு விசாரிப்பாங்க?" என்றார்.

அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். மருந்துக்கடைப் போனிலிருந்து கூடுவாஞ்சேரிக்குப் பேசினேன். என் மனைவியின் அண்ணன் அங்கே மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்தார். செவ்வாய் விடிந்ததும் அவருடைய டெம்போ வந்தது. சிமெண்ட் ஊர்சுற்றப் போகிறோம் என்ற குஷியில் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் ஏறிக்கொண்டது. ஒன்பது மணிக்கு ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டரிடம், அது தெருநாய், பயத்தில் எங்கேயோ ஓடிப்போய்விட்டது என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். சனிக்கிழமை மறுபடி வரச் சொன்னார். அன்றைய டயரியில் 'ஸ்டேஷன் சென்று வந்தேன்' என்று மட்டும் இருக்கிறது.

வியாழன் காலை ஆறு ஐம்பதுக்கு கேட்டில் ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். வயல்காரரின் மனைவி. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து உள்ளே இருந்தபடியே என்ன என்றேன்.

"சார், நாயி வந்துச்சா?"

இல்லை என்றேன்.

"ஊசி போட்டுகினு வர்றாரு சார். தொப்புளச் சுத்திப் பதினாலு. வவுறு வீங்கிப் போய் கீது. நாயப் பத்து நாளு பாருங்க, அது நல்லா இருந்துதுன்னா பயம் இல்லன்னு டாக்டரு சொன்னாரு. நாயி காணோம்னு ஊர்ல பேசிக்கிறாங்க. வெறி புடிச்ச நாயிதான் அப்டி ஓடிப்போவும்னு ஒருத்தன் சொல்ட்டான். அதுலேர்ந்து மனுசன் தண்ணிச் சொம்பப் பாத்தாலே நடுங்குறாரு. ரெண்டு நாளா ஒரு வாய் எறங்கல. கேஸும் வாணாம் ஒண்ணும் வாணாம் சார். அது உயிரோட கீதான்னு மட்டும் சொல்லு."

என் மனைவி சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம், இருக்கிறது என்று சொல்ல ஒரு நொடிதான் ஆகும். ஆனால் ஸ்டேஷனில் சொன்ன பொய் குறுக்கே நின்றது. "ஓடிப்போச்சும்மா. தெரிஞ்சா சொல்றேன்" என்றேன். அவர் கேட்டைப் பிடித்தபடி நின்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

என் மனைவி அன்று சாப்பாட்டு டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அலுவலகத்தில் இரண்டு ஃபைல்களில் தவறாகத் தேதி போட்டேன். என் சர்வீஸில் அப்படி நடந்ததேயில்லை. பகல் இடைவேளையில் டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன். குடிக்க முடியவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

தாம்பரத்தில் இறங்காமல் செங்கல்பட்டு வண்டியில் நேரே கூடுவாஞ்சேரி போனேன். மூன்று நாள் பிரிவுக்கு சிமெண்ட் செய்த ஆர்ப்பாட்டத்தில் என் சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்தது. மைத்துனர், "மாப்ளே, கொண்டுபோனீங்கன்னா போலீஸ் புடிச்சுக்கும். நாயும் போச்சு, வேலையும் போச்சு" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனாலும் டெம்போவில் ஏற்றினேன்.

வீட்டுக்குப் போகவில்லை. பழைய ஊர்த்தெருவில் வயல்காரர் வீட்டு வாசலில் டெம்போவை நிறுத்தினோம். மாலை ஐந்து நாற்பது. எருமைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். நான்கு நாளில் ஆள் பாதியாகியிருந்தார். உதடுகள் வெடித்திருந்தன. கயிற்றில் கட்டிய சிமெண்டோடு என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். நாய் அவரைப் பார்த்து ஒருமுறை உறுமிவிட்டு, எருமைகளை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தது.

நான் பேச வாயெடுத்தேன். அவர் கையமர்த்திவிட்டு மனைவியிடம், "ஒரு தட்டுல தண்ணி வையி" என்றார்.

அலுமினியத் தட்டு வந்தது. தெருவில் போனவர்கள்கூட நின்றுவிட்டார்கள். வெறிபிடித்த நாய் தண்ணீரைக் கண்டால் மிரளும் என்பது அங்கே எல்லோருடைய நம்பிக்கை. சிமெண்ட் தட்டை மோந்து பார்த்தது. தலையைத் திருப்பிக்கொண்டது. தவிட்டு மூட்டை வாசனையில் எதையாவது தின்றுவிட்டு வந்திருக்குமோ, தாகம் இல்லையோ, அல்லது உண்மையிலேயே ஏதாவது இருக்குமோ? பிறகு அது என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, குனிந்து சளப் சளப்பென்று குடிக்கத் தொடங்கியது. தட்டு காலியாகும்வரை குடித்தது. காலியான தட்டையும் நக்கியது.

அவர் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார். அவர் மனைவி சொம்பைக் கொடுத்தார். இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சில் வழிய வழிய முழுச் சொம்பையும் குடித்தார். அந்த அம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு அழுதார். நாய் எங்கே இருந்தது என்பதை நான் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை நானே நாயோடு ஸ்டேஷனுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். சப் இன்ஸ்பெக்டர், "தோள்ல கடப்பாரைக் காயம் இருக்கு. உங்களை அடிக்க வந்தப்ப நாய் பாஞ்சிருக்கு. அன்னிக்கே கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா அரை மணி நேர விசாரணை சார் இது. நாயை ஒளிச்சு வெச்சு, என்கிட்ட பொய் சொல்லி, ஏவிவிட்ட ஆள் மாதிரியே நடந்துக்கிட்டீங்க. படிச்சவங்க!" என்றார். ஏவிவிட்டேனா இல்லையா என்பது இனி வயல்காரர் சொல்லப்போகும் வார்த்தையில்தான் இருந்தது. ஆள் அனுப்பினார்கள். அவர் கையில் போட்ட கட்டோடு வந்தார்.

"கடப்பாரைய ஓங்குனது நான்தான் சார். நாயி தானாப் பாஞ்சது. இவரு எங்க ஏவுறது? கீழ வுயுந்து கெடந்தாரு."

"நேத்து வரைக்கும் வேற மாதிரி சொன்னியே?"

"நேத்து வரைக்கும் நாயி காணோமே சார்."

கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சப் இன்ஸ்பெக்டர் இருவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு வழக்குப் பதியாமல் முடித்தார். நாயைச் சங்கிலியில் கட்ட வேண்டும், நகராட்சியில் லைசென்ஸ் எடுக்க வேண்டும், பத்து நாள் முடியும் வரை வயல்காரர் வந்து பார்க்கும்போதெல்லாம் காட்ட வேண்டும் என்று எனக்கு உத்தரவு.

அவர் தினமும் காலையில் வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று, "இன்னா சிமெண்ட்டு, தண்ணி குடிச்சியா?" என்று கேட்பார். அது குரைக்கும். திருப்தியாகப் போவார். நான்காவது நாளிலிருந்து என் மனைவி அவருக்கும் காபி கொடுத்தார். பத்து நாள் முடிந்த பிறகும் அவர் கேட்பதை விடவில்லை. வேலியை நான் உடனே நகர்த்தவில்லை. அவ்வளவு பெரிய மனம் எனக்கு இல்லை. அடுத்த கோடையில்தான் மூன்றடி உள்ளே தள்ளி ஊன்றினேன். எருமைகள் அந்த வழியாகப் போக ஆரம்பித்தபோது, சிமெண்ட் முதல் இரண்டு நாள் குரைத்துவிட்டுப் பிறகு பழகிக்கொண்டது. அது 1997 வரை இருந்தது. அதைப் புதைக்கக் குழி தோண்ட, கடி வாங்கிய அதே கையில் மண்வெட்டியோடு வந்தவர் அவர்தான். மறு வருடம் அவரும் போய்விட்டார்.

நாயை ஏவினாயா என்று யார் கேட்டாலும் இல்லை என்று இன்றும் நிமிர்ந்து சொல்வேன். ஆனால் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த அம்மாளிடம் "ஓடிப்போச்சும்மா" என்று சொன்னதை நினைக்கும்போதெல்லாம், அன்று அந்த வேலியோரத்தில் என்னைக் காப்பாற்றிய வாயில்லா ஜீவனுக்கு இருந்த நேர்மை எனக்கு இல்லாமல் போயிற்றே என்று என் தலை தானாகக் குனிந்துவிடுகிறது.