பியானோவுக்கு மூன்றடி ஸ்பேனர்

நடந்தது வரிசையாக இதுதான்:

1. மாற்றலாகிப் போன ஒரு குடும்பத்திடமிருந்து அம்மா ஒரு பழைய பியானோவை வாங்கினார்.
2. அது எங்கள் குவார்ட்டர்ஸ் ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டது.
3. காணும் பொங்கலுக்குத் திருவதிகையிலிருந்து அத்தை குடும்பம் வருகிறது, படுக்க இடம் வேண்டும் என்றார் அப்பா.
4. அதற்குள் பியானோவில் ஒரு பாட்டு முழுதாக வந்தால் அது வீட்டில் இருக்கலாம், வராவிட்டால் பழைய இரும்புக்குப் போகும் என்று முடிவானது.
5. சுருதி சேர்க்க எங்களிடம் கருவி இல்லை. செய்துகொண்டோம்.
6. ஒரு கம்பி அறுந்தது.
7. அப்பா எண்ணெய்க் குப்பியை எடுத்தார்.

ஆறோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

நான் அப்போது இன்ஸ்ட்ருமென்டேஷன் முடித்துவிட்டு அனல்மின் நிலையத்தில் அப்ரண்டிஸ். அழுத்தமானியும் வெப்பமானியும் உண்மை சொல்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. எங்கள் பியானோ உண்மை சொல்லவில்லை என்று கண்டுபிடிக்க அந்தப் படிப்பெல்லாம் தேவைப்படவில்லை. ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஊருக்கு வழி சொல்வது போலக் கேட்டது.

அம்மா பக்கத்து பிளாக்கில் மாலை வகுப்பில் கீபோர்டு கற்றுக்கொண்டிருந்தார். உடன் படித்தவர்கள் எல்லாரும் மூன்றாம் வகுப்பு. ஒரு தாலாட்டு அவருக்கு முழுதாக வரும். "கீபோர்டே போதுமே, எதற்கு இது?" என்று நான் கேட்டபோது அம்மா சொன்னார்: "கீபோர்டுன்னா விருந்தாளி வந்தா எடுத்து உள்ள வைன்னு சொல்லிடுவாங்க. இத எடுத்து உள்ள வைன்னு ஒருத்தனும் சொல்ல முடியாதுல்ல?"

அப்பா சொல்லிவிட்டார். அதுதான் சிக்கல்.

சென்னையில் சுருதி சேர்ப்பவர் ஒருவர் கிடைத்தார். பொங்கல் கழித்து வருகிறேன் என்றார். பொங்கல் கழித்தால் பியானோ இருக்காது. ஆகவே எதிர் வீட்டு மாமாவைக் கூப்பிட்டோம். மாமா நிலக்கரிச் சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் மெஷினிஸ்ட். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு, அதற்குள் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு வைஸும் அரங்களும் வைத்திருந்தார். பியானோவின் மூடியைத் திறந்து காட்டினேன். உள்ளே கம்பிகளின் ஒரு முனையைச் சுற்றிவைத்திருக்கும் இரும்பு ஆணிகள் வரிசையாக நின்றன. ஆணியைத் திருப்பினால் கம்பி இறுகும், சுருதி ஏறும்.

"இவ்ளோதானா?" என்றார் மாமா. "சின்ன சதுரத் தல. ஒரு சாக்கெட்டும் ஒரு கைப்பிடியும் இருந்தா முடிஞ்சிது."

எங்கள் ஊரில் திரும்ப மறுக்கும் எதற்கும் இரண்டே வைத்தியம்தான். முதலில் ஸ்பேனரில் பைப்பைச் செருகி நீளமாக்குவது, அப்புறம் எண்ணெய் விடுவது. நிலக்கரி வெட்டும் இயந்திரத்தில் மாடி வீட்டு உயரத்துக்குச் சக்கரம் இருக்கும் ஊர் இது. குட்டை ஸ்பேனரை இங்கே யாரும் மதிப்பதில்லை. மறுநாள் மாமா செய்து கொண்டுவந்த, ஆணி திருப்பும் சாவி மூன்றடி இருந்தது.

"இவ்ளோ நீளம் எதுக்குண்ணே?" என்றார் அம்மா.

"மூணடி இருந்தா கொழந்தகூட திருப்பலாம்மா."

"அப்ப கொழந்தையக் கூட்டியாங்க. நீங்க தள்ளி நில்லுங்க."

மாமா தள்ளி நிற்கவில்லை. லேசாகத்தான் தொட்டேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். டங் என்று ஒரு சத்தம். கம்பி சுருண்டு காலண்டரில் இருந்த முருகனைக் கிழித்தது. மாடி வீட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "சிலிண்டரா?" என்று கேட்டார்.

"கம்பி வீக்கா இருக்குது," என்றார் மாமா.

அதன் பிறகு சாவி எப்படி இருக்க வேண்டும் என்று நான் சொன்னேன், மாமா அரத்தை எடுத்தார். இப்போதும் யாராவது கேட்டால் இதையேதான் சொல்வேன். நீளம் ஒரு முழத்துக்குள் இருக்கட்டும். சுருதி சேர்ப்பதற்குத் தேவை பலம் இல்லை, மயிரிழை அளவு நகர்த்தி நிறுத்தும் பிடி. நடுத்தண்டு வளையவே கூடாது. வளைந்தால் நம் கை நகர்வதும் ஆணி நகர்வதும் வேறு வேறாகிவிடும். வாய்ப்பகுதி ஆணித் தலையில் ஆடாமல் உட்கார வேண்டும், ஆடினால் தலையின் மூலைகள் தேய்ந்துபோகும். முக்கியமாக, குழி நான்கு மூலையாக இருக்கக் கூடாது. ஒரு சதுரத்தின் மேல் இன்னொரு சதுரத்தைத் திருப்பி வைத்தது போல எட்டு மூலை வேண்டும். நான்கு மூலைச் சாவியை எப்படிப் போட்டாலும் கைப்பிடி பியானோவின் மூடியில் போய் இடிக்கும். எட்டு என்றால் கொஞ்சம் சாய்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

காடாம்புலியூரில் மாமாவின் சம்பந்தி வீட்டில் கிடந்த பலாக்கட்டையில் கைப்பிடி கடைந்தார்கள். வழுவழுவென்று, உள்ளங்கைக்குள் அடங்கி, மஞ்சளாக அழகாக இருந்தது. இரும்பு மாட்டுவதற்கு முன்பே அம்மா அதில் இரண்டு சப்பாத்தி தேய்த்துப் பார்த்துவிட்டார்.

அடுத்தது ஆப்பு. ஒரு கட்டைக்கு மூன்று கம்பிகள். ஒன்றைச் சரிசெய்யும்போது மற்ற இரண்டும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குக் கம்பிகளுக்கு நடுவே ஆப்புச் செருகுவது வழக்கம். மாமா எங்கள் வாசலில் மிதியடியாகக் கிடந்த பழைய கன்வேயர் பெல்ட்டில் ஒரு துண்டை வெட்டினார். மலையையே சுமக்கும் ரப்பர். அது கம்பியை விலக்கிவிட்டதே தவிர அடக்கவில்லை. ஆப்பு ரப்பரை விரலால் அமுக்கினால் குழிந்து மெதுவாக எழ வேண்டும். வீட்டிலுள்ள ரப்பர் எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்தேன். தேறியது அப்பாவின் பாத்ரூம் செருப்பு, இடது கால்.

அப்பா முதல் ஷிஃப்ட் போயிருந்தார். திரும்பி வந்து குளிக்கப் போனவர் உள்ளேயிருந்து கேட்டார்: "என் செருப்புல எலி கடிச்சிருக்குதா?"

"ஆமாங்க, பெரிய எலி," என்றார் அம்மா. "இன்ஜினியரிங் படிச்சது."

வேலை மெதுவாக நகர்ந்தது. ஃபோனில் சுருதி காட்டும் ஆப் ஒன்றை இறக்கியிருந்தேன். நடுக்கம்பியை அதற்கு ஒத்துவைத்து, பக்கத்துக் கம்பிகளை அதோடு சேர்த்து மீட்டி, வவ்வவ் என்று அலையடிப்பது நிற்கும்வரை சாவியை நகர்த்த வேண்டும். ஒருநாள் முள் சரியான இடத்தில் போய் நின்றதும் நான் கத்தினேன், அம்மா ஓடிவந்தார். அது எதிர் வீட்டுக் குக்கர் விசில். மாமி அடுப்பை அணைத்ததும் எங்கள் சுருதி போய்விட்டது.

ஆனாலும் பாட்டு இருக்கும் பகுதி ஒருவழியாகச் சேர்ந்தது. அம்மா முதல் இரண்டு வரி வாசித்துவிட்டு, எழுந்து போய்ச் சாம்பாரை இறக்கிவைத்துவிட்டு வந்து, மறுபடி அதே இரண்டு வரியை வாசித்தார். அப்பா பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பாமலே உட்கார்ந்திருந்தார்.

மாட்டுப் பொங்கலன்று மாலை நானும் அம்மாவும் கடைக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தால் பியானோவின் மூடி திறந்திருந்தது. அப்பா ஸ்டூலின் மேல் நின்று, நீள மூக்கு வைத்த எண்ணெய்க் குப்பியால் வலது கோடியிலிருந்து ஒவ்வோர் ஆணிக்கும் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு வந்தார். அம்மாவின் தாலாட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"நீங்க ரெண்டு பேரும் முக்கிகினு கெடந்தீங்களே, பாவமா இருந்துச்சு. இனிமே வெண்ணெ மாதிரி திரும்பும் பாரு."

"ஐயோ, அது டைட்டா இருக்கணும்ங்க!"

"எதுக்கு?"

நான் விளக்கினேன். ஆணி மரத்துக்குள் இறங்கியிருக்கிறது. மரம் இறுக்கிப் பிடித்திருப்பதால்தான் கம்பியின் இழுப்புக்கு ஈடுகொடுத்து நிற்கிறது. எண்ணெய் இறங்கினால் பிடி போய்விடும்.

அப்பா குனிந்து ஆணியைப் பார்த்தார். "கழலாம புடிச்சிக்க லாக் நட் கெடையாதா?"

"கெடையாதுப்பா."

"டிசைனே தப்பு," என்று சொல்லிவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினார்.

அம்மா பழைய துணியால் ஒத்தி ஒத்தி எடுத்தார். எண்ணெய் இறங்கக் கூடாத இடத்துக்கு இறங்கிவிட்டிருந்தது. காலையில் வலப்பக்கத்துக் கட்டைகளை அழுத்தினால், கேட்டுக்கொண்டிருக்கும்போதே சுருதி கீழே வழுக்கியது. சாவியால் ஏற்றினேன், வெண்ணெய் மாதிரி ஏறி, வெண்ணெய் மாதிரி இறங்கியது. தாலாட்டு முழுக்க அந்தப் பக்கம்தான் இருந்தது.

அத்தை குடும்பம் மூட்டையோடு உள்ளே வந்தது. அத்தை அப்பாவுக்கு அக்கா. அப்பா உட்கார்ந்து பேசுவதற்கே அவர் அனுமதி வேண்டும். பியானோவைப் பார்த்து, "இது இன்னா, பீரோவா?" என்று கேட்டார்.

அம்மா ஸ்டூலை இடப்பக்கம் நகர்த்தினார். எண்ணெய் அந்தப் பக்கம் வரவில்லை. அங்கேயிருந்தவை தடித்த கம்பிகள், கனத்த குரல். நாங்கள் சுருதி சேர்க்காத கம்பிகளும் உண்டு. அம்மா முழுத் தாலாட்டையும் அங்கே கீழே இறக்கி வாசிக்கத் தொடங்கினார். ராத்திரி ஷிஃப்ட் முடித்துவந்த ஆள் குழந்தையைத் தூங்கவைப்பது போல இருந்தது. இரண்டு இடத்தில் தடுமாறினார், நிறுத்தவில்லை.

அப்பா நடுவிலேயே, "வந்துடுச்சி, முழுசா வந்துடுச்சி," என்றார்.

"இன்னும் முடியல. சும்மா இருங்க."

முடித்தார். அத்தை மூட்டையை இறக்கிவைத்தார். "பாட்டு நல்லா இருக்குது. ஆம்பள தாலாட்டுற மாதிரி இருக்குது, அதனால இன்னா? ஆமா, எல்லாத்தையும் கீழயே கீழயே வாசிக்கிறியே, மேல எதுக்கு அவ்ளோ கட்ட வச்சிருக்கான்?"

அம்மா பழைய இரும்புக் கதையையும் எண்ணெய்க் கதையையும் சொன்னார். குரலை உயர்த்தாமல், ஒரு சொட்டும் விடாமல் சொன்னார். அத்தை அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"டேய், எண்ண ஊத்துனது நீயி, எடத்துக்காக அது போவணுமா? நாங்க ரூம்ல படுத்துக்கறோம். நீ சமையக்கட்டுல படு."

அப்பா தலையணையை எடுத்துக்கொண்டார்.

இப்போது நிலவரம்: பியானோ ஹாலிலேயே இருக்கிறது. சென்னைக்காரர் வந்து பார்த்துவிட்டு, எண்ணெய் பட்ட ஆணிகளைக் கழற்றித் தடித்த ஆணிகளாகப் போட வேண்டும் என்றார், இன்னும் போடவில்லை. நடுப்பகுதியும் இடப்பகுதியும் சுருதியில் நிற்கின்றன. அம்மா அவற்றை அந்தப் பலாக்கட்டைச் சாவியால் மாதம் ஒருமுறை தானே சரிசெய்துகொள்கிறார். இரண்டாவது பாட்டு பாதிவரை வருகிறது.