சத்தம் போடாத லைன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே வெளிநாட்டில், ரவுண்ட் ராக் வீட்டில் என் மகன் கம்ப்யூட்டரில் நெட் போடும்போதெல்லாம் போன் லைன் கிரீச்சென்று கத்தும். உடனே வாப்பாவின் ரேடியோ ஞாபகம் வந்துவிடும். குமிழைத் திருகினால் அதுவும் இப்படித்தான் கத்தும். "சும்மா இருங்க புள்ளைகளா, வருது வருது!" என்பார் வாப்பா. சத்தம் கூடாதென்று உம்மா எண்ணெய்ச் சட்டியையே இறக்கி வைப்பார். நானும் தங்கச்சி மைமூனும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்போம். கத்தி முடித்தால்தான் உள்ளேயிருந்து ஆள் பேசுவார்.

நேற்று மகன் கேட்டான்: "உம்மா, ஐ.எஸ்.டி.என். லைனுக்கு மாத்திரலாமா? ஸ்பீடா இருக்கும், இந்தக் கத்தலும் இருக்காது."

"கத்தலைன்னா சேந்துருச்சுன்னு எப்புடிடா தெரியும்?"

சிரித்தான். "நெட் ஓடும்போதே போனும் வரும் உம்மா. மைமூன் சாச்சிக்கு இனி எங்கேஜ்டு சத்தம் கேக்காது."

ஊரிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு லைன் கிடைக்காமல் மைமூன் என்மேல் கோபமாக இருக்கிறாள். ஒரே கம்பியில் இரண்டும் எப்படி வரும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனாலும், "மாத்திருடா" என்று சொல்லிவிட்டேன்.

அந்த ரேடியோ கொழும்பிலிருந்து வந்ததா, மதுரையில் வாங்கியதா என்பதும் குழப்பம்தான். புது லைனில் மைமூன் கூப்பிடும்போது நான் தூங்கிக்கொண்டிருந்தால், வீட்டில் இருப்பவர்கள் யாராவது அவளிடம் கேட்டு இதைத் திருத்திவிடுங்கள். பிறகு என்னை எழுப்புங்கள்.