பூத்தபின் ஒடித்த போத்து

எங்கள் ஊரில் நியாயஸ்தர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் ஹில்ட்ரூட் டெப்பே அம்மையாரை மிஞ்ச இன்னொருவர் பிறக்கவில்லை, பிறக்கவும் வேண்டாம். ஓய்வு பெறும்வரை தெருத்தெருவாகப் போய், நேரம் கடந்து நிற்கும் வண்டிகளுக்கு அபராதச் சீட்டு செருகுவதுதான் அவர் உத்தியோகம். உத்தியோகமா அது, பூஜை! சவ அடக்கத்துக்கு வந்த பாதிரியாரின் காரையும் விடவில்லை. பல் பிடுங்கப் போய்த் தாமதமான ஒரு நாள், வீங்கிய கன்னத்தோடு தன் காருக்கே சீட்டு எழுதிக்கொண்டார். ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அம்மையார் மட்டும் சிரிக்காமல் போய்க் கட்டிவிட்டு வந்தார்.

ஓய்வு பெற்ற கையோடு அவருக்கு அக்கி வந்தது. கொப்புளம் ஆறிப் போனது, வலி போகவில்லை. இடது விலாவில் சட்டை பட்டாலே தணலை வைத்துத் தேய்த்ததுபோல் எரியும். டாக்டர் கொடுத்த மாத்திரை பகலெல்லாம் தூங்கவைத்தது, இரவெல்லாம் விழிக்கவைத்தது. எத்தனையோ பேரின் தூக்கத்தைக் கெடுத்தவர்தானே, அனுபவிக்கட்டும் என்று பேசிய புண்ணியவான்களும் இருந்தார்கள். பேர் சொல்ல மாட்டேன், மதுக்கடையில் நானும் அவர்கள் மேஜையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்து, ஆளுக்கு மூன்று கஞ்சாச் செடி வீட்டில் வளர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. மாடி வீட்டு ஃபோல்கர் ஓய்வு பெற்ற தபால்காரர். சட்டம் வருவதற்குப் பல வருஷம் முன்பே அதைத் தன் வீட்டில் அமல்படுத்தியவர். அவர் பேச்சைக் கேட்டு அம்மையார் கலப்பு விதைப் பொட்டலம் ஒன்று வரவழைத்தார். கடைசி அறையில் விளக்கு மாட்டி, கதவுக்குப் பூட்டுப் போட்டு, மூன்றே மூன்று செடி வளர்த்தார். பெயரும் வைத்தார்: ஒன்று, இரண்டு, மூன்று.

"ஹில்டே, பூ எடுக்கறதுக்கு முன்னாடியே ஒவ்வொண்ணுலயும் ஒரு சின்னக் கிளையைப் போத்தா ஒடிச்சு நட்டு வெச்சுக்கோ. எந்தச் செடி உனக்கு ஒத்துக்கும்னு பின்னாடிதான் தெரியும். பூத்து அறுத்துட்டா அது கதை முடிஞ்சுது" என்றார் ஃபோல்கர்.

"மூணு இருக்கு. போத்து தழைச்சா நாலாயிடும்."

"அடியம்மா! யாரு வந்து எண்ணப் போறா?"

"நான் எண்ணுவேன்."

அதோடு பேச்சு முடிந்தது. செடிகள் பூத்தன. முற்றுவதற்கு முன்பே ஒவ்வொன்றிலும் ஒரு பூங்கொத்தை உலர்த்தி, வெண்ணெயில் வதக்கி, பாலில் கலந்து அம்மையார் குடித்துப் பார்த்தார். ஒன்று நெஞ்சைப் படபடக்க வைத்தது. மூன்றோ, வீட்டிலிருந்த ஊறுகாய் மீனையெல்லாம் தின்னவைத்தது, எரிச்சலைத் தொடவே இல்லை. இரண்டைக் குடித்த அன்று அம்மையார் தூங்கினார். விடிந்து, வெயில் ஏறி, சர்ச் மணி அடித்தபின் கண் விழித்தவர், தான் செத்துவிட்டோமோ என்றுதான் முதலில் நினைத்தாராம். விலாவைத் தொட்டுப் பார்த்தார். எரியவில்லை. படுக்கையிலேயே உட்கார்ந்து அழுதார்.

சந்தோஷம் காலைக் காப்பிவரைக்கும்தான் நின்றது. இரண்டு முற்றிக்கொண்டிருந்தது. அறுத்தால் கிடைக்கும் பூ வசந்தம்வரை தாங்கும். அதற்குமேல்? பொட்டலத்தில் மிச்சமிருந்த விதை ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஜாதி. இந்தத் தூக்கம் வேண்டுமென்றால் இந்தச் செடியிலேயே போத்து எடுத்தாக வேண்டும். அதுவும் இப்போதே, பூவும் பிசினுமாக நிற்கும்போதே.

ஃபோல்கர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இப்ப வந்து கேளு! பூத்த கிளையை ஒடிச்சு நடறது, பென்ஷன் வாங்கற ஆளை மறுபடி ஒண்ணாங்கிளாஸ்ல உட்காரவைக்கற மாதிரி. வேர் விட்டாலும் விடும். ஆனா பூவை மறந்து இலை விடறதுக்குள்ள கிறுக்குப் பிடிச்சுப்போகும். இலையெல்லாம் கோணல்மாணலா, ஒத்தை ஒத்தையா வரும். பாத்தா கஞ்சான்னே சொல்ல மாட்டே. பொறுமை வேணும்."

"பொறுமை இருக்கு. கணக்குதான் இடிக்குது."

இடித்தது சட்டம். அம்மையார் அதை எழுத்தெழுத்தாகப் படித்திருந்தார்: பூ இல்லாத துண்டுதான் போத்து, பூ இருந்தால் அது செடி. இவர் ஒடிக்கப் போவதோ பூத்த கிளை. கிள்ளக் கிள்ளக் கணுவில் மறுபடி பூ தலைகாட்டும். யோசித்தார். கத்தரியை எடுத்து ஒன்றையும் மூன்றையும் அடியோடு வெட்டிக் குப்பையில் போட்டார். அறுப்புக்கு நாலு நாள் இருந்த செடிகள்! ஃபோல்கர் குப்பைத் தொட்டி பக்கத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். இரண்டு இடம் காலியானது, இரண்டு போத்து நட்டார். கணக்கு சரி.

நட்டால் ஆயிற்றா? அம்மையாருக்குச் சோதனை போடாமல் இருக்க முடியுமா? தினமும் காலையில் அறைக்குப் போய், ஒவ்வொரு போத்தையும் மண்ணிலிருந்து இழுத்து, வேர் விட்டதா என்று பார்த்து மறுபடி செருகினார். வேர் என்ன, சீட்டைக் கண்ட டிரைவரா, ஓடி வந்து நிற்க? நட்ட இரண்டு போத்தும் அழுகிச் செத்தன.

"இழுத்தா பாத்தே?" ஃபோல்கர் தலையில் அடித்துக்கொண்டார். "அட மகராசி! இரண்டுல இன்னும் அஞ்சு கிளைதான் தேறும். அஞ்சையும் ஒரே பெட்டியில நட்டு மூடி வை. ஒண்ணாவது பிழைக்கும். அந்த ரூம் பக்கமே நீ போகக் கூடாது. தண்ணி நான் தெளிச்சுக்கறேன்."

"தாய்ச்செடியோட சேத்தா ஆறு" என்றார் அம்மையார். அந்த இரவு பால் இல்லாமல் படுத்துப் பார்த்தார். விடியுமுன் எழுந்து அஞ்சையும் ஒடித்தார்.

அப்புறம் தாய்ச்செடியை அறுத்துச் சீசாவில் அடைத்தார். அப்போதும் பெட்டியில் அஞ்சு, மூன்றுக்கு இரண்டு அதிகம். வாசல் மணி அடித்தால் அம்மையார் திரையை விலக்கி யாரென்று பார்த்தபின்தான் கதவைத் திறந்தார். அறைச் சாவியை ஃபோல்கரிடம் கொடுத்துவிட்டு, அவர் வெளியே வரும்போதெல்லாம், "எப்படி இருக்கு?" என்று கேட்பார். "இருக்கு, இருக்கு" என்பார் அவர். எத்தனை என்று அவரும் சொல்லவில்லை, கேட்க இவருக்கும் தைரியமில்லை.

ஃபோல்கருக்கு வாய் ஓட்டை. இரண்டு பீர் போனால் ஓட்டை பெரிதாகும். "சட்டக்காரி வீட்ல அஞ்சு!" என்று மதுக்கடையில் அவர் அவிழ்த்துவிட்டதும் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் முன்கூட்டியே வந்தது. எதிர்வீட்டு லூட்கே மட்டும் சிரிப்பதோடு நிற்கவில்லை. அவருடைய பயண வண்டிக்கு அம்மையார் செருகிய சீட்டுகளை ஒட்டினால் வண்டிக்கே சட்டை தைத்துவிடலாம். நேராகப் போலீசுக்குச் சொல்லிவிட்டார்.

வந்தவள் ஃபென்யா என்ற இளம் போலீஸ்காரி. "மோயின்" என்று எங்கள் ஊர் வணக்கம் சொன்னாள். "டெப்பே அம்மா, மூணுக்கு மேல செடி இருக்குன்னு புகார் வந்திருக்கு. பாத்துட்டுப் போயிடறேன்."

ஃபோல்கரைக் கூப்பிட்டு அறையைத் திறக்கச் சொன்னார் அம்மையார். விளக்கடியில் அந்த ஒரே பெட்டி, மூடியெல்லாம் ஆவி. ஃபென்யா மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தாள். ஒற்றை ஒற்றை இலையாகச் சுருண்டு ஏதோ நின்றது.

"இது என்ன செடி?"

அம்மையார் பெட்டியைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். "காசித்தும்பை" என்றார்.

பிறந்ததிலிருந்து அவர் சொன்ன முதல் பொய். ஃபோல்கருக்கே இருமல் வந்துவிட்டது.

"காசித்தும்பையா? எங்கம்மாவுக்கு உசிரு! ஆனா இது ஏன் இப்படிக் கோணிக்கிட்டு நிக்குது? வேர் விட்டிருக்கா?" என்று ஃபென்யா இரண்டு விரலால் தண்டைப் பிடித்து மெல்லத் தூக்கப் போனாள்.

"இழுக்காதீங்க!" அம்மையார் போட்ட கூச்சலில் ஃபோல்கர் சுவரில் சாய்ந்தார். "ஐயோ, இழுத்துடாதீங்க! அது கஞ்சா! அஞ்சும் கஞ்சாதான்! என்ன வேணா பண்ணுங்க, இழுக்க மட்டும் செய்யாதீங்க!"

ஃபென்யா கையை எடுத்தாள். பெட்டியைப் பார்த்தாள், அம்மையாரைப் பார்த்தாள். "எந்த அஞ்சு? நாலு அழுகிப்போய் எத்தனையோ நாளாச்சு. இருக்கறது ஒண்ணு. சட்டப்படி இன்னும் ரெண்டு வெச்சுக்கலாம். இதுக்கா காசித்தும்பைன்னு பொய் சொன்னீங்க?"

ஃபோல்கர் கூரையைப் பார்த்தார். அம்மையார் மெல்லப் பெட்டிமேல் குனிந்தார். கறுத்துப்போன நாலு தண்டுக்கு நடுவே அந்த ஒன்று மட்டும், கொண்டையில் காய்ந்த பூவும் கீழே புதுப் பச்சையுமாக நின்றது.

"ஒண்ணுதானா?" என்றார்.

"ஒண்ணுதான். ஆனா பிடிச்சுக்கிச்சு. லேசாத் தொட்டேன், அசைஞ்சு கொடுக்கலை. மண்ணுல நல்லா வேர் இறங்கியிருக்கு."

அம்மையார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டை விலாவில் உரசியது; இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு போலீஸ்காரியின் முன்னால் வெட்கமில்லாமல் தேம்பித் தேம்பி அழுதார்.

"மூடியை நீங்களே போட்டுடுங்கம்மா" என்றார் ஃபென்யாவிடம். "நான் கிட்டப் போனா மறுபடி இழுத்துப் பாத்துடுவேன்."