ஈரக் கேனில் வாங்கிய பெட்ரோல்

நான் வேதியியல் வாத்தியார். கேட்டாலும் கேட்காவிட்டாலும் விளக்கம் சொல்கிற ரகம். குஜிலியம்பாறைப் பக்கம் அக்கா சின்ன வெங்காயம் போட்டிருந்தாள். கரண்ட் இணைப்பு வரவில்லை; கிணற்றுத் தண்ணீரை இறைக்க இன்ஜின் வாங்க வேண்டும். டீசலா, பெட்ரோலா என்று என்னிடம் கேட்டாள். சும்மா இருப்பேனா?

“பெட்ரோல் இன்ஜினே வாங்குக்கா. இனிமே எல்லாம் எத்தனால்தான். கரும்புலயும் மக்காச்சோளத்துலயும் எடுக்குறது. சக்தி கொஞ்சம் கம்மி, ஆனா பெட்ரோலோட நல்லாக் கலக்கும். டீசலோட லேசுல ஒட்டாது. மெத்தனாலு விஷம். பியூட்டனால் நல்ல சரக்கு, வெலதான் கட்டுபடியாகாது.”

“இம்புட்டும் எனக்கெதுக்கு தம்பி? தண்ணி பாயுமா?”

“பாயும்.”

என்னை நம்பி வாங்கினாள்.

வெங்காயம் காய் திரளும் நேரம். ஏற்கெனவே ஒரு முறை தண்ணீர் பாய்ச்சுவது தள்ளிப்போயிருந்தது. சனிக்கிழமை நான்தான் பெட்ரோல் வாங்கக் கிளம்பினேன். கேனில் பழைய டீசல் வாடை. நமக்குச் சுத்தம் முக்கியமாயிற்றே, சோப்புப் போட்டு அலசி, அவசரமாகக் கவிழ்த்து வடித்துவிட்டுப் பெட்ரோல் பங்குக்குப் போனேன்.

இன்ஜின் பத்து நிமிடம் ஓடி, விக்கி, நின்றது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றதுதான் மிச்சம். பிளக்கைக் கழற்றினேன், கார்புரேட்டரைப் பிரித்தேன், இன்ஜின் விற்றவனைத் திட்டினேன். இரண்டு நாள் போயிற்று. வெங்காயத் தாள் நுனி காயத் தொடங்கியது. அக்கா குடத்தில் தண்ணீர் மொண்டு சுமந்து ஊற்றத் தொடங்கினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை மிச்சப் பெட்ரோலோடு பங்கில் போய் நின்றேன். “தண்ணியக் கலந்து விக்கிறீங்களா?”

பெட்ரோல் போடும் பெண் அதைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றினாள். அடியில் ஒரு அடுக்கு தனியாக நின்றது.

“கேனைக் கழுவுனீங்களா சார்? முன்னெல்லாம் கொஞ்சம் தண்ணி கெடந்தா அது மட்டும் அடியில நிக்கும். இப்ப பெட்ரோல்ல கலந்திருக்குற எத்தனாலையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிருது.”

வருடா வருடம் வகுப்பில் நான் நடத்துகிற பாடம். மானம் போயிற்று.

டேங்கை வடித்து, காய்ந்த கேனில் புதுப் பெட்ரோல் வாங்கி ஊற்றியதும் இன்ஜின் ஓடியது. கிழக்குப் பாத்திகள் தேறின. மேற்குப் பக்கம் தேறவில்லை.

“நான்தான்க்கா கேனைக் கழுவி ஈரத்தோட கொண்டுபோனேன்” என்றேன்.

“பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்” என்றாள் அக்கா. “தொடச்சிட்டுப் போன்னு சொல்ல வாயெடுத்தேன். வாத்தியாரு, தெரியாமயா செய்வான்னு விட்டுட்டேன்.”