விரிப்பு மடித்து முடியும்வரை

சலவைப் பிரிவில் எனக்கு 'வக்கீலம்மா' என்று பெயர். சட்டம் படித்தவள் இல்லை, வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான். யார் எது சொன்னாலும் அதற்கு ஒரு 'ஆனால்' போடாவிட்டால் எனக்குச் சாப்பாடு செரிக்காது. என்னோடு ஆறு வருடம் விரிப்பு மடித்த அக்காவுக்கு அங்கே வைத்த பெயர் 'நிதானம்'. கேலிக்கு வைத்தார்கள். அவர் அதையும் நிதானமாகவே ஏற்றுக்கொண்டார். அவரைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுநடுவே நான் வந்து விழுந்தால், என் வாய்தான் காரணம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் எங்கள் அறை. ஒரு பக்கம் துவைக்கும் இயந்திரங்கள், மறுபக்கம் உலர்த்தும் இயந்திரங்கள், நடுவே நீள மேசை. உலர்ந்த விரிப்புகள் சூடு ஆறாமல் தள்ளுவண்டியில் வந்து குவியும். பெரியவர்கள் கட்டிலுக்கான விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, வெளிச்சத்தில் கறையோ கிழிசலோ இருக்கிறதா என்று பார்த்து, நீளவாக்கில் மடித்து, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். கிட்டே வந்து, விலகி, மறுபடி கிட்டே வந்து, நாள் முழுக்க ஒரே முகம். கட்டின புருஷன் முகத்தைக்கூட நான் அவ்வளவு பார்த்ததில்லை.

அக்காவின் கணவர் பேருந்து ஓட்டியவர். முதுகில் அடிபட்டு வீட்டோடு படுத்துவிட்டார். நாற்பது வயதுக்குமேல் அக்கா வேலைக்கு வந்தது அதனால்தான். ஒரே மகள். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும், துணி அடுக்கும் இருப்பறையில் அலமாரிகளுக்குப் பின்னால் சுத்தமான ஒரு பழைய விரிப்பைப் போட்டுத் தொழுவார். யாராவது தள்ளுவண்டியோடு இடித்துக்கொண்டு நுழைந்துவிடக் கூடாதே என்று நான் வாசலில் நிற்பேன். நான் கிறிஸ்தவள், ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவள். காவல் நிற்பதில் எனக்கு ஒரு குறையும் தோன்றியதில்லை. பேச்சு என்று வந்தால்தான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாங்கள் ஜோடி சேர்ந்த வாரமே ஆரம்பித்துவிட்டேன். "ஏன்க்கா, இயேசுவை நீங்க ஒத்துக்கிறீங்களா இல்லையா?"

"ஒத்துக்காம என்ன? அவர் எங்களுக்கும் பெரிய நபி..."

"நபின்னு சொல்லிட்டா போதுமா?" என்று பாய்ந்தேன். பாய்ந்த வேகத்தில் கையும் ஆடியது. விரிப்பு நழுவி ஈரத் தரையில் விழுந்தது. தரையைத் தொட்டதை மறுபடி முதலிலிருந்து துவைக்க வேண்டும். அன்று மட்டும் நான்கு விழுந்தன. சூப்பர்வைசர் வந்து, "நீங்க ரெண்டு பேரும் விரிப்பு மடிக்க வந்தீங்களா, மல்யுத்தம் பண்ண வந்தீங்களா?" என்று கத்திவிட்டுப் போனார். நான்கையும் கீழே விட்டது நான். திட்டு இருவருக்கும்.

அக்கா முகத்தில் கோபமே இல்லை. "இப்படிப் பண்ணலாம் தங்கச்சி," என்றார். "கேள்வி யார் வேணா கேக்கலாம். கையில இருக்கிற விரிப்பை மடிச்சு மேசையில வைக்கிற வரைக்கும் பதில் பேசக் கூடாது. யோசிக்கிறதுக்கு ஒண்ணு போதலைன்னா அடுத்ததுக்குத் தள்ளிக்கலாம். பதில் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடணும், அதுல வெட்கமே இல்ல. தெரிஞ்சுக்கிட்டே தெரியலைன்னு மட்டும் சொல்லக் கூடாது."

"அது எதுக்கு?"

"தெரியலைங்கறது தேடுறவங்க பேச்சு. அதையும் பொய்யாக்கிட்டா அப்புறம் நாம எதைத் தேடுறது?"

வாயை மூடிக்கொண்டு ஒரு விரிப்பை மடிப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. முதல் மாதம் நாக்கைக் கடித்துக்கொண்டே திரிந்தேன். பிறகு ஒரு விஷயம் புரிந்தது. மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் நான் வைத்திருந்த சுடச்சுடப் பதில் பாதி ஆறிவிடும். மீதிப் பாதி எனக்கே அசட்டுத்தனமாகத் தோன்றும். கடைசியில் நான் சொல்வது வேறொன்றாக இருக்கும். பெரும்பாலும் அதுதான் உண்மையாகவும் இருக்கும்.

"எல்லாம் முன்னாடியே ஆண்டவன் கணக்குல இருக்குன்னா, நீங்க எதுக்குக்கா கேட்டு அழறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். மூன்று விரிப்பு தள்ளிப்போட்டார். "நான் கேப்பேங்கறதும் அந்தக் கணக்குல இருக்கும்ல," என்றார்.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "மன்னிப்பு சும்மா கிடைக்கும்னு சொல்றீங்களே, அப்ப தப்புப் பண்றவனுக்குப் பயமே இருக்காதே?" என்றார். ஒரே விரிப்பில் பதில் சொன்னேன்: "கிடைக்கிறது சும்மாதான்க்கா. வாயைத் திறந்து கேக்குறதுதான் கஷ்டம்." அக்கா நின்று, "நல்லாச் சொன்னே," என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பதிலை நானே ஒருநாள் தின்று செரிக்க வேண்டியிருக்கும் என்று அப்போது தெரியாது.

என்னிடமும் ஒன்று இருந்தது. என் தம்பி சின்ன வயதிலேயே போய்விட்டான். அதன்பிறகு ஆலயத்தில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் ஜெபத்தில் 'உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக' என்ற வரி வரும்போது நான் உதட்டை மட்டும் அசைப்பேன், சத்தம் வராது. இருபது வருடமாக அப்படித்தான். அதை அக்காவிடம் மட்டும்தான் சொன்னேன். "அந்த வரிக்கு முன்னாடி ஓடிப் போகாம அங்கேயே நிக்கிறியே, அது போதும்," என்றார். அது இன்றுவரை வேறு யார் காதுக்கும் போகவில்லை. இப்போது நானே சொல்கிறேன்.

ஆறாவது வருடம் அக்காவின் மகளுக்கு ஐந்தாம் மாதத்தில் கர்ப்பம் கலைந்துவிட்டது. தாய்வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்த பெண் எழுந்திருக்கவே இல்லை. "நான் உனக்காகக் கேட்டுக்கிட்டே இருக்கேன், நீ தூங்கு," என்று சொல்லிவிட்டுத்தான் அக்கா தினமும் வேலைக்கு வருவார். ஒருநாள் நான் கேட்டேன். குறுக்குக் கேள்வி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். "அக்கா, கேக்குறது போய்ச் சேருதுன்னு உங்களுக்குத் தோணுதா?"

ஐந்து விரிப்பு ஆனது. அப்புறம்தான் பேசினார். "தெரியல தங்கச்சி. சில நாள் சுவத்துக்கிட்ட பேசுற மாதிரிதான் இருக்கு." நான் அடுத்ததை எடுக்கக் குனிந்தேன். அவர் முடிக்கவில்லை. "ஆனா வெறும் சுவர்னா இத்தனை வருஷம் யாரும் பேசிட்டிருக்க மாட்டாங்க. அந்தப் பக்கம் ஆள் இருக்கு. அதான் விட முடியல." அவர் கண் கலங்கியிருந்தது. அப்படி ஒரு வார்த்தையை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

கேட்டதை அங்கேயே வைத்திருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை எங்கள் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்ல, அதாவது ஆண்டவர் நம் வாழ்க்கையில் செய்ததை எல்லோர் முன்பும் சொல்ல, என்னை எழுப்பினார்கள். ஏற்கெனவே இரண்டு பேர் சொல்லி எல்லோரையும் அழவைத்திருந்தார்கள். என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று உட்கார்ந்திருக்கலாம், வக்கீலம்மாவுக்கு அது எப்படி முடியும்? "என்கூட விரிப்பு மடிக்கிற ஒரு முஸ்லிம் அக்கா இருக்காங்க," என்று ஆரம்பித்தேன். "ஆறு வருஷமா பேசிட்டிருக்கோம். வேண்டிக்கிறது சுவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்குன்னு போன வாரம் அவங்க வாயாலேயே சொன்னாங்க. அவங்களுக்காக ஜெபிச்சுக்கோங்க." சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டினார்கள். எங்கள் கூட்டத்தில் கைதட்டுகிற வழக்கமே கிடையாது. அன்று தட்டினார்கள். காது குளிர்ந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

பெயர் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என்கூட விரிப்பு மடிப்பவர் ஒருத்தர்தான். கூட்டத்தில் எங்கள் ஆஸ்பத்திரியின் வார்டு ஆயா ஒருத்தியும் இருந்தாள். அடுத்த வாரம் அவளும் இன்னும் இரண்டு பேரும் பழம் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார்கள். நல்ல பெண்கள்தான், கெட்ட எண்ணமே இல்லாதவர்கள். மகள் படுத்திருந்த அறையில் உட்கார்ந்து, "உங்க மனக்கஷ்டம் கேள்விப்பட்டோம்க்கா. சுவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்குன்னு சொன்னீங்களாம்," என்று அன்பாகக் கேட்டார்கள்.

அவர்கள் எழுந்து கிளம்பியதும் மகள் திரும்பிப் பார்த்து, "எனக்காக இவ்வளவு நாளும் சுவத்துக்கிட்டயாம்மா கேட்டுக்கிட்டு இருந்தே?" என்றாளாம். இதையெல்லாம் அந்த ஆயாதான் பிற்பாடு எனக்குச் சொன்னாள், வாசற்படி தாண்டும்போதே காதில் விழுந்ததாக. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை அக்கா வழக்கம்போல வந்தார். வழக்கம்போல முனைகளை நீட்டினார். முதல் விரிப்பை உதறும்போதே கேட்டார். குரலில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். திருப்பிக் கத்தியிருப்பேன்.

"நான் சொன்னதுல பாதியை எடுத்துக்கிட்டுப் போயிருக்கே. மீதிப் பாதியை ஏன் விட்டே?"

உதறினோம். வெளிச்சத்தில் பார்த்தோம். நீளவாக்கில் மடித்தோம். ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தோம். பதில் எனக்குத் தெரியும். மீதியையும் சேர்த்துச் சொன்னால் யாரும் கைதட்ட மாட்டார்கள், அதுதான் பதில். வாய்வரை வந்துவிட்டது. அக்கா விரிப்பை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தெரியலக்கா," என்றேன்.

ஆறு வருடத்தில் நாங்கள் இருவரும் சொன்ன எத்தனையோ 'தெரியல'க்களில் அது ஒன்றுதான் பொய். அது அவருக்கும் தெரிந்தது. "சரி, அடுத்ததுக்குப் போகட்டும்," என்றார். அடுத்ததும் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. மாலைவரை நூற்றுக்கும் மேல் மடித்தோம். நான் வாயைத் திறக்கவே இல்லை. மாதக் கடைசியில் அக்கா மேல்மாடித் தையலறைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற வேலை, ஒற்றை ஆள் வேலை. இடையில் ஒரு படிக்கட்டுதான், இருபத்திரண்டு படி. நான் ஏறவில்லை. கிழிசல் பார்த்து ஒதுக்கும் ஒவ்வொரு விரிப்பும் அவர் கைக்குத்தான் போகிறது என்று தெரிந்தும் ஏறவில்லை. இரண்டு வருடத்தில் அவர் ஓய்வு பெற்றார். வழியனுப்பும் கூட்டத்தன்று எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி விடுப்பு எடுத்துக்கொண்டேன். அதுவும் பொய்.

மூன்று வருடம் கழித்து அக்கா இறந்த செய்தி வந்தது. அடக்கத்துக்குப் போகத் துணிச்சல் வரவில்லை. பத்து நாள் கழித்துப் போனேன். பஸ்ஸில் அரைமணி நேரம்தான். அந்த அரைமணி நேரத்துக்கு எனக்கு ஐந்து வருடம் ஆகியிருக்கிறது.

மகள் வாசலில் நின்றாள். இடுப்பில் ஒரு குழந்தை, ஒன்றரை வயது இருக்கும். நான் யார் என்று சொல்வதற்குள், "வக்கீலம்மாதானே? உள்ள வாங்க," என்றாள். அவள் திட்டினால் வாங்கிக்கொள்வது என்று தயாராக வந்திருந்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அம்மா உங்களைப் பத்திப் பேசாத நாள் கிடையாது. மீதிப் பாதியை அன்னைக்கே எனக்குச் சொல்லிட்டாங்க. அதைக் கேட்டப்புறம்தான் நான் எழுந்து உக்காந்தேன்."

"என்மேல கோபமா இருந்தாங்களா?"

"நான்தான் கோபமா இருந்தேன். 'ஒரு நாள்கூட வந்து எட்டிப் பார்க்கல, அவங்களைப் போய்..'ன்னு திட்டுவேன். அம்மா ஒண்ணுதான் சொல்வாங்க. 'அவ இன்னும் விரிப்பு மடிச்சு முடிக்கல. முடிச்சதும் பதில் சொல்ல வருவா.'"

அழுகையை அடக்க முடியவில்லை. அவள் என்னை அழவிட்டுவிட்டு, குழந்தையைக் கீழே இறக்கி, கொடியில் கிடந்த துணிகளை எடுத்து வந்தாள். அதில் அக்காவின் கட்டில் விரிப்பும் இருந்தது. ஒற்றை ஆளாக அதோடு திண்டாடினாள். நான் எழுந்து எதிர் முனைகளைப் பிடித்தேன். உதறினோம். நீளவாக்கில் மடித்தோம். ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தோம். அவள் அதை வாங்கிக் கட்டில்மேல் வைத்தாள்.

"கைதட்டுவாங்கன்னுதாம்மா," என்றேன். "மீதியைச் சொன்னா தட்ட மாட்டாங்கன்னுதான் விட்டுட்டேன். எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவள் விரிப்பின் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். "இதை அம்மாகிட்ட சொல்லியிருந்தீங்கன்னா சிரிச்சுட்டு அடுத்த விரிப்பை எடுத்திருப்பாங்களே."

ஆமாம், எடுத்திருப்பார். அதுவும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.