நான் வாசிக்காமல் விட்ட ஆறாவது வரி

வாசகர்களே, இவ்வாரம் நீங்கள் என் சாட்சிகள். என் பக்கம் பேச வேண்டாம்... கேட்டிருந்தால் போதும்.

மருத்துவ பீடமொன்றின் நரம்பியல் துறையில் நான் ஆய்வு உதவியாளன். களைமருந்து அடிப்பவர்களின் நரம்புகளை அம்மருந்து என்ன செய்கிறது என்பதே எங்கள் ஆய்வு. பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் பேசி ஆள் சேர்க்கும் பொறுப்பு எனக்கு. வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? விவாத மேடைகளில் தோற்றறியாதவன் நான்.

சம்மதப் படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. தமிழில் நான் சொன்னேன். ஆறாவது வரியை மட்டும் விட்டுவிட்டேன் – ‘தனிநபரின் முடிவுகள் அவருக்கு வழங்கப்படமாட்டா.’ பேச்சின் உச்சத்தில் அப்படியொரு வரி வந்தால் கூட்டம் கலைந்துவிடாதா? மாறாக, “உங்கள் நரம்பின் நிலையை நீங்களே அறிவீர்கள்” என்று முழங்கினேன். வரிசையில் நின்று கையொப்பமிட்டார்கள்.

அவர்களில் ஒருவர் செல்வராஜ் அண்ணன். பல வருடங்களாக மருந்து டேங்க் சுமப்பவர். துளைகளில் ஆணி செருகும் சோதனையில் அவர் விரல்கள் நடுங்கின. மூன்றாவது ஆணி விழுந்தது.

“தேத்தண்ணி குடுத்தாலும் பாதி தரைக்குத்தான்” என்றார் அவர் மனைவி. இருவரும் சிரித்தார்கள்.

சென்ற மாதம் விரிவுரையில் அந்தக் கைகளைத் திரையில் கண்டேன். முகம் இல்லை, எண் மட்டும். “தெளிவான உதாரணம்” என்றார் பேராசிரியர். மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள். நரம்புகள் எவ்வளவு கெட்டிருந்தன என்பது ஒரு மண்டபத்துக்கே தெரிந்தது – உரியவரைத் தவிர.

“அவருக்குச் சொல்லலாமா, சேர்?”

பேராசிரியர் படிவத்தை எடுத்து ஆறாவது வரியில் விரலை வைத்தார். “இதற்குத்தானே அவர் சம்மதித்தார்?” என்று சிங்களத்தில் கேட்டார்.

படிவத்தை மடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

போன வாரம் மீண்டும் பெரட்டுக்குப் போனேன். செல்வராஜ் அண்ணன் டேங்கோடு நின்றார்.

“தம்பி, அந்த ரிசல்ட்டுத் துண்டு வந்துருச்சா? டாக்டர் துண்டு இருந்தா வேற வேல தாறேன்னு கங்காணி சொல்றாரு. ஒங்க துண்டு வரும்னுதான் ஆஸ்பத்திரிக்கும் போகல. நாலு மாசமாச்சுங்க.”

நாலு மாதம்... என் ஒரு வரியை நம்பி, அதே மருந்தை அடித்துக்கொண்டு.

“மைக்குக்காரங்களுக்குத் துண்டு எழுதத் தெரியாதுப்பா” என்றார் வேலை பிரித்துக்கொண்டிருந்த கங்காணி. யாரோ சிரித்தார்கள்.

மறைத்த வரியை அத்தனை பேர் முன்னிலையில் சொன்னேன். அண்ணனின் மனைவி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தார்.

“அப்ப இவரு ஒடம்புல என்னா இருக்குன்னு ஒங்களுக்கெல்லாம் தெரியும். எங்களுக்குத்தான் தெரியக்கூடாது. அப்பிடித்தானுங்களே?”

டேங்கை அண்ணனின் தோளிலிருந்து கழற்றிக் கீழே வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

“இப்ப வாற பஸ்ஸில இவர நானே நரம்பு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறேன். கையெழுத்துப் போட்ட ஒவ்வொருத்தரையும் அப்பிடியே கூட்டிட்டுப் போவேன். அங்க டாக்டர் சொல்றத, ஒரு வரி விடாம, தமிழ்ல ஒங்களுக்குச் சொல்லுவேன்.”